மறு அளவு இல்லாத வீடு

சினேகாவின் பிறந்தநாளன்று ஸ்பீக்கரிலிருந்து வந்த அந்த இரைச்சல் நின்று ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் முடிச்சூர் ஏகநாதன் வீட்டில் யார் காதை விட்டும் அது இன்னும் போகவில்லை.

குழந்தை பெரிய பரிசு எதையும் கேட்டுவிடவில்லை. அப்பா சொன்ன முயல் கதையைப் போடச் சொன்னாள். மூத்த மகன் அனந்தகிருஷ்ணன் நோயில் படுத்த கடைசி மாதங்களில், மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி மகளுக்காகப் போனில் பேசிப் பதிந்து வைத்த கதைகளில் அதுவும் ஒன்று. அவன் போய் இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவன் நடமாட்டம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் கதைகளில்தான்.

இளையவன் தினகரன் கம்ப்யூட்டரில் கதையைத் தட்டினான். தொடக்கத்தில் ஓரிரு சொல், உடனே தகரக் கூரையில் மழை அடிப்பது போல ஓர் இரைச்சல். வேறொரு கதையைத் தட்டினான். அதுவும் இரைச்சல். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். அங்கேயும் அதேதான்.

"அப்பாவுக்கு இன்னா ஆச்சு சித்தப்பா?" என்று கேட்டாள் குழந்தை.

குழந்தையின் அம்மா, மூத்த மருமகள் ஜெரூஷா, இனி எதையும் தொட வேண்டாம், என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, வெட்டாத கேக்கை எடுத்து உள்ளே வைத்தாள். அதன் பிறகு ஒரு வாரமாக அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் வீடு கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும்.

ஏகநாதனுக்குத் தெரியும், அவள் எதைப் பேசாமல் இருக்கிறாள் என்று.

பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். மாடிக் கூடத்தில் காற்றுக்காக அவர் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில், ஒரு மழைக்காலத்தில் முடிச்சூரையே மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு, மதிப்புள்ளது எதுவும் கீழே கிடையாது, கம்ப்யூட்டரும் மாடியில்தான். பழைய மெஷின் அடிக்கடி மூச்சுத் திணறியதால் தினகரன் புதிதாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வாங்கி வந்திருந்தான். அதில் இடம் குறைவு. அண்ணனின் பதிவுகளோ ஒவ்வொன்றும் யானை மாதிரி. எல்லாவற்றையும் சுருக்கி வைக்க வேண்டும். சுருக்கவும், கேட்கும்போது பழையபடி விரித்துத் தரவும் லைப்ரரி என்று ஒரு நிரல் உண்டாம். அந்தப் பெட்டிக்கு அது ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. தினகரன் மூல நிரலை இறக்கி, அந்தப் பெட்டியில் ஓடும்படி தானே கட்டினான். மேற்குத் தாம்பரத்தில் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், கை பழகியவன். வேகம் கூடட்டும் என்று இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்துக்கொண்டான். கையோடு லேப்டாப்பிலும் அதையே கட்டினான்.

அப்போதுதான் ஜெரூஷா வேலையிலிருந்து வந்தாள். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் அவள் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் உத்தியோகம். தோள்பையை இறக்காமலே, கட்டி முடித்ததும் அதனோடு வரும் டெஸ்டுகளை ஓட்டினீர்களா தம்பி என்று கேட்டாள். ஓட்டவில்லை, நேரம் பிடிக்கும் என்றான் தினகரன். பிடித்தால் பிடிக்கட்டும், ஓட்டிவிட்டே அண்ணனுடையதைத் தொடுங்கள் என்றாள். சரி அண்ணி என்று அவன் கீபோர்டு பக்கம் திரும்பினான்.

ஏகநாதன் குறுக்கிட்டார்.

அவரைக் குற்றம் சொல்லும் முன் அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிச்சூரில் வயல்கள் மனைகளான காலத்தில் ஏகநாதன் ஒரு மனையை அளந்து விற்று, நாலு மூலைக்கும் கல் நட்டுக் கொடுத்தால், அதற்கு மேல் டேப் பிடித்தவன் கிடையாது. ஏகநாதன் வீட்டு அளவுக்கு மறு அளவு இல்லை என்பது அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு. பேச்சு என்பது சும்மா வருவதில்லை. ஒரு தலைமுறை நெறியாக நடந்தால்தான் வரும். அப்படிப்பட்ட வீட்டில், மகன் செய்த வேலையை மருமகள் சோதித்துப் பார்ப்பதா? அதிலும், பெற்றவர் சம்மதம் இல்லாமல் சர்ச்சில் தாலி கட்டிக்கொண்டு வந்த மருமகள்?

அவளிடம் அவர் நேராகப் பேசுவது அபூர்வம். மகனிடம் சொல்வது போல அவளுக்குச் சொன்னார்.

"தினா, அவங்க ஆபீஸ்ல அந்நியன் செஞ்சதை சோதிக்கிறாங்க. அது அவங்க பொழப்பு. இது வூடு. நம்ம வூட்டுப் புள்ள செஞ்சதுக்கு மறு அளவு இன்னாத்துக்கு?"

ஜெரூஷா உள்ளே போய்விட்டாள். தினகரன் டெஸ்டை விட்டுவிட்டான். எல்லாவற்றையும் சுருக்கி முடித்து, பழைய டிஸ்க்கைத் துடைத்து, மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தான். அனந்துவின் போனோ அதற்கு வெகு முன்னமே உயிரை விட்டிருந்தது. மிஞ்சியது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான்.

பிறந்தநாள் முடிந்து ஒரு வாரமான அந்தச் சனிக்கிழமை காலையில் ஜெரூஷா மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் முடித்துவிட்டு, நேராக வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். குழந்தையைப் பீர்க்கன்கரணையில் தன் அம்மா வீட்டுக்கு முந்தின நாளே அனுப்பியிருந்தாள். தினகரன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கீதா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அன்னைக்கு விட்ட டெஸ்ட்டை இன்னைக்கு ஓட்டிடலாம்."

தினகரன் செருப்பைக் கழற்றினான். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவை அவன் கண் தானாகத் தேடியது.

கெட்ட பிறகு ஓட்டி என்ன அக்கா பிரயோஜனம், இவர் என்ன வேண்டுமென்றா செய்தார், இவர் மூஞ்சியில் கரி பூசுவதற்கா என்று கீதா கேட்டாள். புருஷனுக்காகப் பேசுகிறவள் பேசத்தான் செய்வாள். ஜெரூஷா கோபிக்கவில்லை. கீதா கையிலிருந்த டப்பாவை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"யார் மேலயும் கரி பூச இல்ல கீதா. பூட்டின பீரோ திறக்க மாட்டேங்குது. ரெண்டு காரணம் இருக்கலாம். சாவி கெட்டிருந்தா உள்ள பொருள் பத்திரமா இருக்கு, வேற சாவி செய்யலாம். உள்ள வெக்கும்போதே உடைச்சு வெச்சிருந்தா, எந்தச் சாவியாலும் ஆகாது. எதுன்னு இந்த டெஸ்ட் சொல்லிடும். சுருக்கறதைத் தனியா பார்க்கும், விரிக்கறதைத் தனியா பார்க்கும்."

கூடத்தில் பேப்பர் அசையவில்லை. ஏகநாதனுக்கு எல்லாம் கேட்டது. எல்லாம் புரிந்தது. புரிந்ததுதான் வினை. ஒரு வாரமாக அவர் சாவிதான் கெட்டிருக்கிறது என்று தமக்குள் ஒரு தீர்ப்பு எழுதி அதன் மேல் உட்கார்ந்திருந்தார். டெஸ்ட்டை ஓட்டாத வரைக்கும் அந்தத் தீர்ப்புக்கு ஆபத்து இல்லை.

அவருக்கு ஏன் அவ்வளவு பயம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கதை கேட்கிற வயதா அவருக்கு? அந்தப் பெட்டியில் கதைகள் மட்டும் இல்லை. "அப்பாவுக்கு" என்று பெயரிட்டு அனந்து ஒரு பதிவு வைத்திருந்தான். அப்பா மட்டும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனதால் மற்றவர்கள் அதைத் திறந்ததே இல்லை. கருமாதி முடிந்த அன்று தினகரன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, மூஞ்சிக்கு நேரே சொல்லாததைப் பெட்டி வழியாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டுமா என்று இவர் எழுந்து போய்விட்டார்.

மூஞ்சிக்கு நேரே சொல்ல அவனுக்கு இவர் இடம் கொடுத்தாரா என்பது வேறு விஷயம். குரோம்பேட்டையில் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் தவறாமல் போனார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். கல்யாணத்தில் விழுந்த விரிசல் அது. வாசற்படி தாண்டி ஓர் அடி உள்ளே வைக்க அவருக்குக் கால் வரவில்லை. இருக்கிறதே, ஒரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"வேணாம் தினா," என்றார் பேப்பரை மடித்து. "எது கெட்டா இன்னா. எவன்கிட்டயாவது குடுத்து சரி பண்ணு. நம்மளே நம்ம மேல சோதனை போட்டுக்கினு குத்தவாளி தேட வேணாம்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். முதுகு நிமிர்ந்தேதான் இருந்தது.

தெருவில் ராத்திரி பெய்த மழை பள்ளம் பள்ளமாக நின்றது. மூலை மனையில் ஆட்கள் இருந்தார்கள். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற சுந்தர்சிங் ஏகநாதனிடம் வாங்கிய மனைதான் அது. இன்னும் வீடு கட்டவில்லை. இப்போது ஒரு சர்வேயரும் உதவியாளும் சேற்றில் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏகநாதனைப் பார்த்ததும் சுந்தர்சிங் முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பேங்க்ல கேக்கறாங்க. உங்க அளவு மேல எனக்கு ஒண்ணும்..."

அளக்கட்டும் என்று கையால் சைகை காட்டினார் ஏகநாதன். போய்விடலாம் என்றுதான் நினைத்தார். போக முடியவில்லை. டேப் நீண்டுகொண்டே போயிற்று. புல்லுக்குள் மூழ்கிக் கிடந்த அவர் நட்ட கல்லை உதவியாள் காலால் தட்டிக் கண்டுபிடித்தான். சர்வேயர் குனிந்தார். அந்த இடைவெளியில் ஏகநாதனுக்கு நெஞ்சு தடதடவென்று அடித்தது. தம் கையால் அளந்த இடம். தெரிந்த கணக்கு. பிறகு ஏன் இப்படி அடிக்கிறது?

"கரெக்ட்டா இருக்கு சார்," என்றார் சர்வேயர்.

சுந்தர்சிங் சிரித்தார், நான்தான் சொன்னேனே என்றார், டீ வாங்கி வரச் சொன்னார். ஏகநாதனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. இத்தனை வருஷமாக யாரும் திரும்ப அளக்காததால், தம் அளவு சரிதான் என்று தமக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போதுதான் தெரிகிறது. ஊர் நம்பியதை வைத்துத் தாமும் நம்பியிருக்கிறார்.

டீயைக் குடிக்காமல் திரும்பினார்.

மாடியில் அவர் விட்டுப்போனபடியே இருந்தார்கள். தினகரன் கடைக்குப் போகவில்லை. ஜெரூஷா கம்ப்யூட்டர் முன்பிருந்து எழவில்லை. ஆனால் பெரியவர் சொல்லை மீறி எதையும் தொடவும் இல்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மரியாதை அவரை எந்த வசவும் குத்தாத இடத்தில் குத்தியது.

"ஓட்டச் சொல்லு," என்றார் தினகரனிடம்.

திரையில் வரிகள் ஏற ஆரம்பித்தன. ஏகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருவருக்கும் பின்னால் தூண் ஓரமாக நின்றார். உட்காருங்க மாமா என்று கீதா நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

முதலில் விரிக்கும் சோதனை. ஏற்கெனவே சரியாகச் சுருக்கப்பட்ட மாதிரிக் கோப்புகள் அந்த நிரலோடு கூடவே வருமாம். அவற்றை விரித்துப் பார்க்கும். வரிக்கு வரி பச்சையில் பாஸ், பாஸ் என்று விழுந்தது. பாஸ் என்ற வார்த்தை அவருக்குத் தெரியும். நல்ல வார்த்தை. கீதாகூட, "நல்லாத்தானே வருது," என்றாள்.

தினகரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஜெரூஷாவின் தோள் மெல்ல இறங்குவதை ஏகநாதன் பின்னாலிருந்து பார்த்தார். அதன் பிறகே அவருக்கு உறைத்தது. சாவி நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு பச்சை வரியும், சாவி நன்றாக இருக்கிறது, சாவி நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறது. தோற்றுத் தொலையேன் என்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தம் வீட்டு வேலை ஒன்றைப் பார்த்து வேண்டினார். அது தோற்கவில்லை.

அடுத்து சுருக்கும் சோதனை. சின்னக் கோப்புகள் பாஸ். கொஞ்சம் பெரிசு, அதுவும் பாஸ். பெரிய கோப்புகள் வந்ததும் திரை சிவந்தது. ஒன்று. அதன் கீழே இன்னொன்று. பிறகு வரிசையாக.

தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. கீதா குடத்தை எடுக்கப் போகவில்லை.

"சுருக்கும்போதே உடைஞ்சிருக்கு," என்றாள் ஜெரூஷா. குரல் ஆபீஸில் பேசும் குரலாகவே இருந்தது. அதை விட்டால் எந்தக் குரல் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். "சின்னதா இருக்கறது தப்பிச்சிருக்கும். ஒரு அளவைத் தாண்டினதெல்லாம்... வேகத்துக்குன்னு போட்ட ஆப்ஷன்தான்னு நினைக்கிறேன்."

கதைகள் எல்லாமே நீளமானவை. நிதானமாகச் சொல்லும் பழக்கம் அனந்துவுக்கு.

"என் தப்புதான் அண்ணி," என்றான் தினகரன். குரல் உடைந்தது. "நான்தான் அவசரப்பட்டேன்."

அன்றைக்கு எந்த அவசரமும் இல்லை. ஏகநாதனுக்குத் தெரியும், தினகரனுக்குத் தெரியும், அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற அவளுக்கும் தெரியும். மகன் அப்பாவின் மானத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். மருமகள் அதை இறக்கி வைக்கச் சொல்லவில்லை. குடும்ப கௌரவத்தைக் காப்பது என்று அவர் ஆயுள் முழுக்கப் பேசியதை, அவர் கண் முன்னால் இந்த இரண்டு பேரும் வாய் பேசாமல் செய்துகொண்டிருந்தார்கள். காக்கப்பட வேண்டிய நிலையில் இன்றைக்கு நின்றவர் அவர்.

ஜெரூஷா சின்னப் பதிவுகளைத் தேடி ஒன்றைத் தட்டினாள். இரைச்சல் வருமோ என்று எல்லோரும் உடம்பைக் குறுக்கினார்கள்.

"சினேகா குட்டி, சாப்பிட்டியா? அம்மாவை பேஜார் பண்ணாம சாப்பிடணும்."

அவ்வளவுதான் அது. அனந்துவின் குரல் முழுசாக, தெளிவாக, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்படி வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் ஜெரூஷா அழுதாள். கீதா ஓடி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். காலையில் பேசிய பேச்சுக்கு இருவருக்கும் அதுவே கணக்குத் தீர்த்தது.

ஏகநாதன் தூணை விட்டு நகர்ந்தார். அழுகை ஓயும் வரை காத்திருந்தார். காத்திருக்கும்போதே அவர் மனசு ஒரு கேவலமான கணக்கைப் போட்டது. சின்னதாக இருந்தால் தப்பியிருக்கும். அவரிடம் அந்தப் பிள்ளை என்றைக்கு நீளமாகப் பேசியிருக்கிறான்? சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எதிரே வந்து நின்று, ஒரு தரம் தொண்டையைச் செருமிவிட்டு, "சரிப்பா" என்பான். "வரேன்ப்பா" என்பான். அதற்கு மேல் பேச அவர் முகம் இடம் கொடுத்ததில்லை. ஊரில் அதை மரியாதை என்று சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். இன்றைக்கு அந்த மரியாதையே காப்பாற்றட்டும் என்று நினைத்தார். என்னிடம் சொல்ல அவனுக்கு அதிகம் இல்லாமல் போயிருக்கட்டும்.

தினகரன் வழியாகக் கேட்க வாய் எடுத்தார். அவன் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா," என்றார் நேராக.

ஜெரூஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவர் தன்னை அழைத்துப் பேசியது எத்தனை தடவை என்று அவள் விரல் விட்டு எண்ணிவிடுவாள்.

"எனக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தானே. அது சின்னதாத்தான் இருக்கும். என்கிட்ட அவன் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல. பாரு."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். பட்டியலில் மேலிருந்து கீழாகப் போனாள். ஓர் இடத்தில் அவள் கை நின்றது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பாள் போலிருக்கிறது. ஆனால் அவள் பிழைப்பே உள்ளதை உள்ளபடி சொல்வதுதான்.

"இருக்கறதுலேயே அதுதான் மாமா பெரிசு."

ஏகநாதன் கையால் நாற்காலியைத் தேடினார். கீதா நகர்த்திக் கொடுத்தாள். நிமிர்ந்தே நின்ற முதுகு, இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, சாய்மானத்தில் சாய்ந்தது.

ஆரம்பத்தில் கொஞ்சம் மட்டும் உடையாமல் இருக்கலாம் என்றாள் ஜெரூஷா. எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது, அதற்கப்புறம் இரைச்சல்தான். உங்களுக்கு மட்டும் என்று சொன்னதால் நாங்கள் வெளியே போகிறோம் என்று எழுந்தாள். தினகரனும் எழுந்தான்.

"இருங்க," என்றார் ஏகநாதன். "எல்லாரும் இருங்க. போடும்மா."

அவள் தட்டினாள். கட்டில் சட்டம் கிறீச்சிட்டது. தூரத்தில் எங்கோ டிராலி உருண்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவரும் கேட்டிருக்கிற டிராலிதான் அது. அப்படியானால் அவன் பேசும்போது இவர் கதவுக்கு வெளியேதான் இருந்திருக்கிறார்.

பிறகு, எதிரே வந்து நின்றுவிட்டது போல, அனந்து தொண்டையைச் செருமினான்.